பக்க மிதவைப் பாய்ப்படகு: ஒரு பள்ளத்தூர் நாட்குறிப்பு

பிப்ரவரி 4, 2024

ஒரு பக்கம் மட்டும் மிதவை வைத்த பாய்ப்படகைக் கட்டும் வேலை, எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில் (முகப்பை அடுத்த உள்பகுதியில்) இன்று தொடங்கியது. ஏறத்தாழ 16 அடி நீளப் படகை வீட்டுக்குள் கட்டிவிட்டு எப்படி வெளியே கொண்டுபோவாய் என்று அப்பச்சி கேட்டார்கள். முகப்பில் நின்று பார்த்தால் பின்தெருக் கதவு வரைக்கும் எல்லா நிலைகளும் ஒரே நேர்கோட்டில் தெரிகிற வீடு இது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து நடந்தால் போதும். மிதவையும் அதைப் படகோடு இணைக்கும் குறுக்குமரங்களும் தனித்தனியாகக் கழன்றுவிடும்.

6 மில்லிமீட்டர் பிளைவுட் வந்து இறங்கிவிட்டது. நீரைத் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதைத்தான் வாங்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அதன் ஒட்டு விடக்கூடாது என்பது அந்தத் தரத்தின் சோதனை. முத்திரையோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பலகையின் ஓரத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளடுக்குகளில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த இடைவெளியில் புகும் தண்ணீர் பலகையை உள்ளிருந்தே கெடுத்துவிடும்.

பிப்ரவரி 18

பலகையின் நீளம் 8 அடிதான் என்பதால் இரண்டை ஒட்டியாக வேண்டும். கனத்தைப்போல் எட்டு மடங்கு, அதாவது 48 மில்லிமீட்டர் நீளத்துக்கு இரு முனைகளையும் சாய்வாக இழைத்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஒட்டினால் ஒட்டு தனியாகத் தடிக்காது. வளைக்கும்போது பலகை முழுவதும் ஒரே சீராக வளையும். ஆசாரி அண்ணன் இழைப்புளியை எடுத்தார். தேக்கு நிலைகளில் பழகிய கை அது. சாய்வில் வெளிப்பட்ட மரஅடுக்குகள் இணைகோடுகளாக, ஒன்றுகூடக் கோணாமல் நின்றன. இழைப்பு சரியாக விழுந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

மார்ச் 10

பக்கப் பலகைகளையும் அடிப்பலகையையும் செம்புக் கம்பியால் தைத்து முடித்தோம். கம்பியை முறுக்க முறுக்க, தட்டையாகக் கிடந்தவை அணியமும் (முன்முனையும்) அமரமும் (பின்முனையும்) உள்ள படகாக எழுந்து நின்றதைப் பார்க்க மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது. உள்மூலைகளில் எபாக்சி என்ற இருகலவை ஒட்டுப்பிசினோடு மரத்தூள் கலந்த பசையை வழித்து நிரப்பினோம். இந்த வேலையை விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் எபாக்சி இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். குவளையில் குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே இன்னும் வேகமாக இறுகும். அகலமான தட்டில் பரப்பிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்வதே நல்லது.

ஏப்ரல் 21

வெளிப்புறத்தில் ஃபைபர் கிளாஸ் துணி ஒட்டினோம். இதற்கு மாலை நேரம்தான் ஏற்றது. காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துளைகளில் உள்ள காற்று விரிந்து பூச்சில் குமிழிகளைக் கிளப்பும். மாலையில் மரம் குளிர்வதால் பூச்சு உள்ளே இழுக்கப்படும்.

ஏப்ரல் 28

குறுக்குமரங்களைப் படகோடு எப்படி இணைப்பது என்பது பற்றி இன்று ஆசாரி அண்ணனோடு நெடுநேரம் பேச்சு நடந்தது. கயிற்றால் கட்டலாம் என்றேன் நான். "தம்பி, கழுந்தும் துளையுமா மரத்த மரம் கவ்விப் பிடிக்கணும். கயித்த நம்பிக் கடலுக்குப் போவாகளா?" என்றார். வீட்டு மரவேலைக்கு அவர் சொல்வது முற்றிலும் சரி. ஆனால், வீடு அசைவதில்லை. கடலில் படகு ஓர் அலையிலும் மிதவை வேறோர் அலையிலும் ஏறி இறங்குவதால் குறுக்குமரம் ஓயாமல் முறுக்கப்படுகிறது. அந்த வளைவின் பாரம் மிக அதிகமாக விழும் இடம் படகின் விளிம்பு; கழுந்துக்கோ போல்ட்டுக்கோ துளையிட்டால், மரம் எங்கே முழுதாக இருக்க வேண்டுமோ அங்கேயே அதைக் குறைத்தவர்களாவோம். கயிற்றுக்கட்டு அந்தப் பாரத்தைப் பல சுற்றுகளுக்குப் பகிர்ந்து, சிறிதளவு இளகியும் கொடுக்கும். ஒரு பக்கம் மிதவை கொண்ட இலங்கையின் ஒருவப் படகுகள் தலைமுறை தலைமுறையாக இப்படிக் கட்டப்பட்டவைதாம் என்று சொன்னபோது, "அப்பக் கட்டுப்பா, பார்ப்போம்" என்றார்.

நைலான் நனைந்தால் நீளும் என்பதால் பாலியஸ்டர் கயிற்றை எடுத்தேன். சுற்றுகளைப் போட்டபின், அவற்றின் குறுக்கே இறுக்குச் சுற்றுகளையும் போட்டோம். கடைசியில் கயிற்றைக் காலால் உதைத்து இழுத்து முடிந்தவர் ஆசாரி அண்ணன்தான்.

ஜூன் 2

பாக் விரிகுடாக் கரையில் உள்ள தொண்டியில் படகை இறக்கினோம். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளின் நடமாட்டம் இல்லை. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கரையிலிருந்து வீசியதால் கரையோரத்தில் அலை எழவில்லை. ஆனால், அதே காற்று படகை வெளியே தள்ளிக்கொண்டு போகும் என்பதால், கோல் தரைதட்டும் ஆழத்தைத் தாண்டுவதில்லை என்று முன்பே முடிவுசெய்திருந்தேன்.

மிதவை இடப்பக்கம். வடக்கு நோக்கி ஓடியபோது அது காற்றடிக்கும் பக்கத்தில் இருந்தது. நொடிக்கு 6 மீட்டர் அளவில் காற்று வீசியதும் நீரைவிட்டு மெல்ல எழுந்தது. என் கணக்கும் அதைத்தான் சொன்னது: 18 கிலோ மிதவை 2 மீட்டர் தள்ளி நிற்பதால் கிடைக்கும் எதிர்ப்பும், 6 சதுர மீட்டர் பாயில் அந்தக் காற்று தரும் சாய்ப்பும் ஏறக்குறைய சமம். நான் அரை மீட்டர் மிதவைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்ததும் அது திரும்பவும் நீரில் அமர்ந்தது. தெற்கே திரும்பியபோது மிதவை மறுபுறமாகி நீரில் அழுந்தியது. அப்போது தாங்கியது அதன் எடையன்று, மிதப்பு.

கரையில் நின்ற பெரியவர் ஒருவர் கட்டுகளை விரலால் தட்டிப் பார்த்து, "கட்டு நல்லாருக்கு தம்பி, பலகை ஒண்ணு போடுங்க" என்றார். பாக் விரிகுடாவின் பாய்வத்தைகளில் (பாய் கட்டிய வத்தைப் படகுகளில்) காற்றடிக்கும் பக்கமாக நீளும் சமனிப் பலகையை ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட படகு ஆய்விலேயே பதிவு செய்திருக்கிறார். தெற்கு நோக்கி ஓடும்போது ஆள் ஏறி உட்கார அது வலப்பக்கத்தில் வேண்டும். பலகைக்கு மலைவேம்பு போதுமா, தேக்கே வேண்டுமா என்று ஆசாரி அண்ணனிடம் நாளை கேட்க வேண்டும். அதையும் கயிற்றால்தான் கட்டப்போகிறேன்.