காட்டில் பிறந்த பிராட்காஸ்ட்

ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பிராட்காஸ்ட் என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் ரேடியோ, டிவி என்பார்கள். சரிதான். ஆனால் அந்தச் சொல் பிறந்தது விதைக்கிற காட்டில். பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் போகக் கூடாது என்பது என் ஆசை.

பிராட் என்றால் அகலம். காஸ்ட் என்றால் வீசுதல். ஸ்காண்டிநேவியாவில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியின் 'காஸ்டா' இங்கிலாந்துக்கு வந்து அப்படி ஆனது. இரண்டும் சேர்ந்து, விதையை அகல வீசி விதைப்பதைக் குறித்தன. அந்தச் சேர்க்கை எழுத்தில் தென்படுவது 1760களில்தான். ஆயிரக்கணக்கான வருடப் பழக்கத்துக்குப் பெயர் ஏன் இவ்வளவு தாமதம்? 1701இல் ஜெத்ரோ டல் என்ற இங்கிலாந்து விவசாயி வரிசையாக விதை போடும் கருவியைச் செய்தார். வேறொரு முறை வந்த பிறகுதான் பழையதற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். எங்கள் ஊரிலும் தாத்தா காலத்தில் வெறும் விதைப்புதான். வரிசை விதைப்பு வந்ததும் 'தூவி விடுறது' என்று பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அப்பா ஆடியில் கேழ்வரகு தூவுவார். ஒரு கிலோவில் மூன்று லட்சம் விதைக்கு மேல் இருக்கும். அப்படியே வீசினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். அதனால் மணல் கலந்துகொள்வார். காற்று அடங்கிய காலை நேரம். ஒரு எட்டுக்கு ஒரு பிடி; மணிக்கட்டு வெளியே திரும்பும்போது விரல்கள் மெல்லத் திறக்கும். பாதி விதை நீளவாக்கில், அப்புறம் மீதி குறுக்கே. மேலாக ஒரு உழவு ஓட்டி மூடிவிடுவார். வரிசை விதைப்பில் விதை மிச்சம், களையெடுப்பும் சுலபம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் தூவுவதைக் கண்மூடித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வரப்போரம் வரை ஒரே சீராக விழ வைக்கப் பல வருடக் கைப்பழக்கம் வேண்டும்.

1920களின் தொடக்கத்தில் ரேடியோ இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. தந்தி ஒருவருக்கு என்று போகும். ரேடியோ, யார் கேட்பார்கள் என்று தெரியாமலே எல்லாத் திசைக்கும் போகும். 1922இல் தொடங்கிய பிபிசியின் பெயரில் இரண்டாவது 'பி' இதுதான்.

பரீட்சையில் இறந்தகாலத்துக்கு 'பிராட்காஸ்டட்' என்று எழுதுகிறார்கள். அகராதிகள் அதையும் ஏற்பதால் மதிப்பெண் குறைக்க மாட்டேன். ஆனால் காஸ்ட் எந்தக் காலத்திலும் உருமாறாத வினை. பிராட்காஸ்ட் என்றே எழுதினால் எனக்குச் சந்தோஷம்.

வருகிற ஆடிக்குப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிவரவா என்று அப்பாவிடம் கேட்டேன். "கூட்டிட்டு வா, முதல்ல வெறும் மணலை வீசிப் பழகட்டும்" என்றார்.