அம்மாவுக்கு வந்தது சுளுக்கு இல்ல, அக்கி

போன மாசம் ஒருநாள் காலைல அம்மா, வலது பக்க விலாவுல என்னமோ இழுத்துப் பிடிக்குதுடான்னாங்க. தண்ணிக் குடம் தூக்குனதுல சுளுக்கிருக்கும்னு நானும் தைலம் தேய்ச்சு விட்டேன். ராத்திரி பூரா தூக்கம் இல்ல, துணி பட்டாலே எரியுதுங்கிறாங்க, ஆனா தோல்ல பாத்தா ஒண்ணுமே இல்ல. மூணாம் நாள் முதுகக் காட்டுனாங்க பாருங்க, முதுகெலும்புல ஆரம்பிச்சு அக்குளுக்குக் கீழ சுத்தி மார்புக்கடி வரைக்கும் பட்டையா சிவந்து, அதுமேல கொத்துக் கொத்தா நீர்க்கொப்புளம், வெந்த ஜவ்வரிசிய அப்புன மாதிரி. இடது பக்கம் ஒரு புள்ளி கூட இல்ல, நடு முதுகுல கோடு கிழிச்சாப்ல நின்னுடுச்சு.

சித்தி பாத்ததுமே "இது அக்கிடா, குயவர் வீட்டுக்குப் போய் காவி எழுதிட்டு வந்துடு"ன்னாங்க. சித்தி நோயைச் சரியாத்தான் சொன்னாங்க. ஆனா நான் நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், அது நல்லதாப் போச்சு.

சின்ன வயசுல அம்மாவுக்கு சின்னம்மை போட்டுச்சில்ல, அந்த வைரஸ் உடம்ப விட்டுப் போறதே இல்லையாம், நரம்பு வேர்ல போய் படுத்துக்குது, வயசாகி, இல்ல சுகர் அது இதுன்னு உடம்பு தளரும்போது முழிச்சுக்கிட்டு அந்த ஒரு நரம்பு போற வழியாவே வெளில வருது. அதான் ஒரு பக்கம் மட்டும். வேர்க்குரு, அலர்ஜியெல்லாம் பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வரும், அரிப்புதான் அதிகம். அக்கில எரிச்சலும் வலியும் முதல்ல வந்துடும், கொப்புளம் ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான். அதனாலதான் நிறைய பேர் வாயு, நெஞ்சுவலின்னு அலையுறாங்க.

கொப்புளம் தெரிஞ்ச 72 மணி நேரத்துக்குள்ள வைரஸ அடக்குற மாத்திரை ஆரம்பிக்கறதுதான் ரொம்ப நல்லதுன்னார் டாக்டர். அம்மாவுக்கு ஏசைக்ளோவிர், ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள். காவி பூசினா குளுகுளுன்னு இருக்கும்தான், ஆனா அதையே நம்பி இருந்தா இந்த மூணு நாள் ஓடிடுமே! நெத்தி, கண்ணு பக்கம், மூக்கு நுனில கொப்புளம் வந்தா இன்னும் அவசரம், அன்னைக்கே கண் டாக்டரப் பாத்துடுங்க, பார்வைக்கே ஆபத்து.

தங்கச்சி அப்போ மாசமா இருந்தா, அவளுக்கு அம்மை வந்ததே இல்ல. கொப்புளம் காஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும் வீட்டுப் பக்கமே வராதன்னு சொல்லிட்டோம், கொப்புளத் தண்ணி பட்டா அவளுக்கு அம்மையா வரலாம்.

இப்போ பொருக்கெல்லாம் உதிர்ந்தாச்சு, ராத்திரில மட்டும் அந்த இடம் சுருக்கு சுருக்குன்னு குத்துதாம், சிலருக்கு மாசக் கணக்குல இருக்குமாம். 50 வயசு தாண்டினவங்களுக்கு இதுக்குத் தடுப்பூசி இருக்கு, ரெண்டு டோஸ், அப்பாவுக்குப் போடலாமான்னு அடுத்த வாரம் கேக்கப் போறேன்.