ஒரே ஆட்டம், நான்கு பதிவுகள்

நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஒரே ஆட்டத்தை நான்கு திரைகளிலிருந்தும் பதிவுசெய்து காணொளிக் கலைப்படைப்பாக்கும் முறை பற்றிய குறிப்பு இது. பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் கேமில் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். உண்மையில் ஒவ்வொருவர் கணினியிலும் ஓடுவது அந்த இடத்தின் தனிப் பிரதி. சுட்டவருக்குத் துப்பாக்கிச் சத்தம் உடனே கேட்டுவிடும். மற்றவர்களுக்கு அது சர்வர் வழியாகப் போய்ச் சேரச் சில பத்து மில்லிசெகண்டுகள் ஆகும். பல ஷூட்டர் கேம்களில், சுட்டவர் திரையில் அந்தக் கணம் தெரிந்த காட்சியைக் கணக்கில் எடுத்துத்தான் குண்டு பட்டதா இல்லையா என்று சர்வர் முடிவுசெய்கிறது. “நான்தான் சுவருக்குப் பின்னால போயிட்டேனே, அப்புறம் எப்படிச் செத்தேன்?” என்று வாய்ஸ் சாட்டில் கிளம்பும் சண்டைகளில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. இருவர் சொல்வதும் அவரவர் திரையில் உண்மை. காணொளிக் கலைக்கு இந்த முரண்பாட்டைவிட வளமான பொருள் இந்தக் கேம்களில் வேறில்லை என்பது எங்கள் கருத்து. பதிவு செய்யும் முறை சரியில்லை என்றால் முதலில் தொலைவதும் இதுதான்.

பதிவுக்கு இரண்டு வழிகள். ஒன்று, டெமோ ஃபைல். 1996-இல் குவேக் கேமில் உருவான ‘டைரி ஆஃப் எ கேம்பர்’ என்ற குறும்படம் அப்படித்தான் வெளிவந்தது. அது வீடியோவே அல்ல, ஆட்டக்காரர்களின் அசைவுத் தரவு. அதை இயக்கினால் கேமே மறுபடி நடித்துக்காட்டும். ஃபைல் சிறியது, பல கேம்களில் கேமராக் கோணத்தைப் பிற்பாடும் மாற்றலாம். ஆனால் கேம் அப்டேட் ஆனதும் பழைய டெமோ ஓடாமல் போவது சர்வசாதாரணம். அதைவிடப் பெரிய குறை, ஆட்டக்காரரின் தடுமாற்றம் அதில் விழுவதில்லை. பாதி தட்டச்சு செய்து அழித்த சாட் வரி, மெனுவில் சும்மா அலையும் மவுஸ் இதெல்லாம் திரைப்பதிவில்தான் கிடைக்கும். அகலமான காட்சிகளுக்கு டெமோ, மனிதர்களுக்குத் திரைப்பதிவு என இரண்டையும் எடுப்பதே நல்லது.

திரைப்பதிவுக்கு ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். ஃபைலை எம்கேவி என்ற வீடியோ வடிவத்தில் எடுக்க வேண்டும். நடுவில் கணினி நின்றுபோனாலும் அதுவரை பதிவானது மிஞ்சும். சாதாரண எம்பி4 என்றால் மொத்தமும் திறக்காமல் போகலாம். 1080பி, 60 ஃப்ரேம், நொடிக்கு 50 மெகாபிட் என்றால் ஒரு மணிநேரத்துக்குச் சுமார் 22.5 ஜிபி. நான்கு பேர், இரண்டு மணிநேரம் என்றால் 180 ஜிபி. கேமின் ஃப்ரேம் வேகத்தை 120-இல் கட்டிவைப்பது நல்லது. கட்டாமல் விட்டால் கிராஃபிக்ஸ் கார்டு முழுச்சுமையில் திணறும், ஓபிஎஸ்ஸுக்கு இடம் கிடைக்காது, ஃப்ரேம்கள் தவறும். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸ் ஜன்னலைப் பார்த்து, தவறிய ஃப்ரேம்கள் எத்தனை என்று குறித்துவையுங்கள். எடிட்டிங்கில் உட்காரும்போது அதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

ஒலியில்தான் அதிக அக்கறை தேவை. ஓபிஎஸ்ஸில் ஒலியைத் தனித்தனியாகப் பதிய ஆறு ட்ராக்குகள் உண்டு. கேம் ஒலி ஒன்றில், சொந்த மைக் இன்னொன்றில், மற்றவர்கள் குரல் மூன்றாவதில். கேமுக்குள்ளேயே வாய்ஸ் சாட் ஓடினால் குரலும் வெடிச்சத்தமும் பெரும்பாலும் ஒன்றாகவே பதிவாகும், பிறகு சுத்தமாகப் பிரிக்க முடியாது. அதனால் குழுப் பேச்சைத் தனிச் செயலியில் வைக்கிறோம். தூரத்துக்கு ஏற்பக் குரல் தேய்ந்து மறையும் கேம்களில் மட்டும் இதைச் செய்வதில்லை. அங்கே அந்தத் தேய்மானமே உறவைச் சொல்கிறது.

அடுத்தது ஒத்திசைவு. நான்கு பதிவுகளைத் துப்பாக்கிச் சத்தத்தை வைத்துச் சேர்க்கக் கூடாது, அது நான்கிலும் வேறுவேறு நேரத்தில் விழுந்திருக்கும். ரவுண்டு தொடங்கும் கவுண்ட்டவுனை அடையாளமாக வையுங்கள். அதிலும் ஓரிரு ஃப்ரேம் பிசகு இருக்கலாம், பரவாயில்லை. பதிவின் கடைசியில் இன்னொரு கவுண்ட்டவுனிலும் சரிபாருங்கள். கணினிகளின் கடிகாரங்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, நீண்ட பதிவில் விலகல் சேர்ந்துகொண்டே போகும். அந்த விலகலைத் திருத்தலாம். அதன் பிறகு எஞ்சும் நெட்வொர்க் தாமதத்தைத் தொடவே கூடாது. 50 மில்லிசெகண்டு என்றால் 60 ஃப்ரேமில் மூன்று ஃப்ரேம். பக்கத்துத் திரையில் குண்டு மூன்று ஃப்ரேம் தள்ளி வெடிப்பதைப் பார்த்ததும் எடிட்டரின் கை தானாக இழுத்துச் சேர்க்கப் போகும். சேர்த்துவிட்டால் படைப்பின் உயிரே போய்விடும்.

காட்சிக்கூடத்திலும் இதே கவனம் வேண்டும். நான்கு தனி மீடியா பிளேயர்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் சில மணிநேரத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். பிறகு எது நெட்வொர்க் தாமதம், எது கருவியின் பிசகு என்று யாருக்கும் தெரியாது. நான்கு அவுட்புட் உள்ள ஒரே கணினி வைப்பது பாதுகாப்பு.

இதில் இருப்பவர்கள் நிஜ மனிதர்கள். கலைஞர்கள் ஈவா, ஃப்ராங்கோ மாட்டஸ் இருவரின் 2010 படைப்பான ‘ஃப்ரீடம்’ கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற ஷூட்டர் கேமில் நடந்தது. சுட வேண்டாம், நான் கலை நிகழ்வு செய்துகொண்டிருக்கிறேன் என்று ஈவா கெஞ்சுவார். மற்றவர்கள் சுட்டுக்கொண்டே இருப்பார்கள். முகம் தெரியாதவர்களின் எதிர்வினையே அதன் உள்ளடக்கம். அதன் வலிமையை மதிக்கிறோம், ஆனாலும் பொது சர்வரில் அறிமுகமில்லாதவர் குரலை அனுமதியின்றி நாங்கள் பயன்படுத்துவதில்லை. ஆட்டப்பெயர்கூட ஒருவரை அடையாளம் காட்டப் போதும். பெயரை மங்கலாக்கினால் திரை முழுக்கத் திட்டுத் திட்டாகத் தெரியும். அதே நீளம், அதே தொனியில் மாற்றுப்பெயர் வைத்து, பெயரோடு ஒட்டிவரும் குழுக் குறியீட்டின் அமைப்பையும் அப்படியே விடுகிறோம். பெயர் வைக்கும் பாணியும் இந்தக் கலாச்சாரத்தில் அடக்கம். சிறுவர் குரல் என்று சந்தேகம் வந்தாலே அந்தப் பகுதி வெளியே. கேமராவைச் சுதந்திரமாக நகர்த்தும் கருவிகளுக்குச் சொந்த சர்வர்தான் இடம். பொது சர்வரில் ஏமாற்றைக் கண்டுபிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் அதை ஏமாற்று என்றே எடுத்துக்கொண்டு கணக்கை முடக்கிவிடலாம்.

ஆட்டம் முடிந்ததும் பதிவை நிறுத்தாதீர்கள். அடுத்த ஆட்டத்துக்காக லாபியில் காத்திருக்கும் நேரத்தில்தான் பழி சுமத்தலும் மன்னிப்பும் நடக்கின்றன. ஒவ்வொரு பதிவோடும் கேம் வெர்ஷன், மேப் பெயர், ஒவ்வொருவரின் பிங் எண் (சர்வருக்குப் போய்வர ஆகும் தாமதம்) இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். சர்வரை மூடிவிட்டால் அந்த ஆட்டத்தை மறுபடி எடுக்க வழியே இல்லை.