தண்ணி குடிக்கிற வண்டி

ஜனவரி 5, திங்கள்
காட்டுப்பள்ளி துறைமுகத்தில் என் லாரியில் கன்டெய்னர் பெட்டி ஏற்றும்போது டேங்கில் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணி, மேல்கோடு வரை இருந்தது. மணலி குடோனில் இறக்கிவிட்டுப் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே. ஓடிய தூரம் கொஞ்சம்தான், வல்லூர் பக்கம் வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம். காலையில் ஸ்டார்ட் செய்தபோதும் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யாத மாதிரி மிஸ் அடித்து வண்டி இரண்டு நிமிஷம் நொண்டியது. வெள்ளைப் புகை வேறு. சூடானதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

ஜனவரி 6
ராத்திரி இன்ஜினுக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் ஒரு சொட்டு இல்லை. ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் அடிப்பக்கம், வாட்டர் பம்புக்குக் கீழே இருக்கிற சின்ன ஓட்டை, எல்லாம் காய்ந்து கிடந்தன. டேங்கில் தண்ணி நின்ற மட்டத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டினேன். சாயங்காலம் டேப்புக்குக் கீழே இரண்டு விரல் இறங்கியிருந்தது.

ஜனவரி 7
ஒரு பட்டறையில் காட்டினேன். "மார்கழிப் பனிப்பா, வெள்ளைப் புகை வரத்தான் செய்யும். மிஸ் அடிக்கிறதுக்கு நாசிலை மாத்து" என்றார்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற ஆறு நாசிலையும் மாற்றினேன்.

ஜனவரி 8
அதே நொண்டல். ஆறு நாசில் காசு போனது. பனியால் வருகிற புகை என்றால் டேப்புக்குக் கீழே தண்ணி ஏன் இறங்குகிறது? இதை நேற்றே நான் கேட்டிருக்க வேண்டும்.

திருவொற்றியூரில் பாய் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் பானட்டையே தொடவில்லை. "காலைல மட்டும் மிஸ் அடிக்குதா, நாள் பூரா அடிக்குதா தம்பி?" என்றார். காலையில் மட்டும்தான் பாய் என்றேன். "அப்ப வண்டியை இங்கயே விட்டுட்டுப் போ. நான் வர்ற வரைக்கும் யாரும் சாவி போடக் கூடாது."

போவதற்கு முன் கூலண்ட் டேங்க் வாயில் மீட்டர் வைத்த கைப்பம்பை மாட்டி 15 பவுண்டு காற்றழுத்தம் ஏற்றி வைத்தார்.

ஜனவரி 9
விடியற்காலை ஆறு மணிக்குப் போனேன். மீட்டர் முள் 8-ல் நின்றது. தரையில் ஈரம் இல்லை. வெளியே போகாத தண்ணி உள்ளேதான் போயிருக்க வேண்டும்.

பாய் உடனே ஸ்டார்ட்டர் அடிக்கவில்லை. சிலிண்டருக்குள் தண்ணி நின்றால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்றார். ஆறு நாசிலையும் கழற்றிவிட்டு, பையனிடம் சாவி போடச் சொன்னார். மூன்றாவது சுற்றில் நான்காவது ஓட்டையிலிருந்து பச்சைத் தண்ணி பீய்ச்சி அடித்தது, என் சட்டை வரைக்கும். மற்ற ஐந்திலும் வெறும் காற்று.

நாசிலை மாட்டி ஓடவிட்டபோது டேங்கைத் திறந்து காட்டினார். தண்ணி இன்னும் சில்லென்று இருக்க, உலை கொதிக்கிற மாதிரி குமிழி. அடுத்து ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் அரைச்சுற்று தளர்த்தினார். மற்றவற்றைத் தளர்த்தும்போது சத்தம் விழுந்தது, நான்காவதில் மாற்றமே இல்லை. இது பழைய பம்ப் வண்டி என்பதால் செய்யலாம். எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகிற காமன் ரெயில் வண்டியில் யாரும் செய்யாதீர்கள். அந்த பைப்பில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும், டீசல் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கும்.

ஜனவரி 10
சிலிண்டர்களை மேலே மூடியிருக்கிற ஹெட் இறங்கியது. ஐந்து பிஸ்டன் தலையும் கரி பிடித்துக் கிடந்தன. நான்காவது மட்டும் சாம்பல் போட்டுத் தேய்த்த அலுமினியக் குண்டான் மாதிரி வெளுத்திருந்தது. தினமும் நீராவியில் வெந்தால் கரி எங்கே ஒட்டும்? ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கிற தகடான கேஸ்கெட்டில் நான்காவது சிலிண்டருக்கும் பக்கத்துத் தண்ணி ஓட்டைக்கும் நடுவே விரல் நக அளவுக்கு எரிந்திருந்தது. ராத்திரி அந்த வழியாகத் தண்ணி உள்ளே கசிந்திருக்கிறது. ஓடும்போது அதே வழியாகப் புகைக்காற்று தண்ணிக்குள் ஏறியிருக்கிறது. தண்ணி குறைவதும் மிஸ் அடிப்பதும் ஒரே நோய். இரண்டு நோய் என்று நினைத்துத்தான் நாசிலில் காசைக் கொட்டினேன்.

ஹெட்டின் தண்ணி ஓட்டை ஓரமெல்லாம் அரித்துக் குழி விழுந்திருந்தது. "என்ன தண்ணி ஊத்துற?" என்று கேட்டார். யார்டு போர் தண்ணி என்றேன். மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல் ஏறியது எத்தனையோ வருஷத்துக் கதை. வாயில் வைக்க முடியாத தண்ணியை இரும்புக்கு ஊற்றியிருக்கிறேன்.

ஜனவரி 12
லேத் பட்டறை. விரிசல் இருக்கிறதா என்று ஹெட்டுக்குத் தண்ணி டெஸ்ட் போட்டார்கள், இல்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் நான்காவது பக்கம் 0.20 மி.மீ. பள்ளம். முகத்தைச் சீவிச் சமமாக்க ஃபேசிங் போட்டு வாங்கி வந்தோம்.

ஜனவரி 13
புது கேஸ்கெட், புது போல்ட். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக டார்க் வைத்து, அளவு பார்த்து போல்ட்டை முறுக்கினார். கூலண்டும் கேன் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தோம்.

ஜனவரி 14, போகி
தெருவெல்லாம் புகை, எது வண்டிப் புகை என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்டார்ட் செய்துவிட்டுச் சைலன்ஸர் வாயில் உள்ளங்கையைப் பிடித்தேன். ஈரம் இல்லை. முதல் சுற்றிலேயே ஆறும் சீராகப் பேசின. எண்ணூர் போய்த் திரும்பி வந்து, ஆறிய பிறகு பார்த்தேன். தண்ணி டேப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.