டயட் கோக்: எதுக்குப் பதிலா?

டயட் கோக் குடித்தால் உடம்பு இளைக்குமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "எதுக்குப் பதிலா குடிக்கப் போறீங்க?" பாதிப் பேரிடம் பேச்சு அதோடு நின்றுவிடும். எதற்குப் பதிலாகவும் இல்லை, இருக்கிறதோடு இதுவும் ஒன்று என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். உட்கார்ந்த இடத்து வேலை, நாற்பதைத் தாண்டிய வயசு, காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. எடையைப் பற்றிக் கவலைப்பட இவ்வளவு தகுதி போதும் என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே எனக்குக் கோலா பழக்கம். மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணைச் சொக்கும், அப்போது ஒன்று. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் நாட்கள் என்றால் சாயங்காலம் இன்னொன்று. பழக்கத்தை விட முடியாமல் சர்க்கரையை மட்டும் விட்டவள் நான். அதனால் டயட் சோடாவை விஷம் என்று திட்டி எழுத எனக்கு வராது. தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் வராது.

சாதா கோலாவில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை. 300 மில்லி டின் என்றால் முப்பது கிராமைத் தாண்டிவிடும், ஏறக்குறைய 130 கலோரி. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. அந்த ஒதுக்கீடு மொத்தமும் ஒரே டின்னில் தீர்ந்து, மேலே கடனும் நிற்கிறது. டயட் டின்னில் அந்த வரியில் பூஜ்யம். அதில் போடுகிற அஸ்பார்டேமும் அசிசல்ஃபேம் பொட்டாசியமும் சர்க்கரையைப் போல் சுமார் 200 மடங்கு இனிப்பு என்பதால் மில்லிகிராம் கணக்கில் போட்டாலே போதும். தினமும் ஒன்றிரண்டு சாதா கோலா குடித்துக்கொண்டிருந்த எனக்கு இது நேரடி மிச்சம். சோற்றிலோ டீயிலோ கை வைக்காமலே சில மாதங்களில் சுடிதார் தளர்ந்தது.

இதைப் பார்த்துத்தான் எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "ஏனுங்க்கா, நானும் அதையே வாங்கட்டுங்களா?" என்று கேட்டாள். அவள் வாழ்நாளில் கோலா குடித்தவளே இல்லை. அவள் குடிப்பதெல்லாம் பேக்கரி டீ. எங்கள் பக்கத்துப் பேக்கரிகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு மணிக்கு டீயும் தேங்காய் பன்னும், நாலு மணிக்கு டீயும் முட்டை பப்ஸும், நடுவில் வேறு செக்‌ஷன் ஆட்கள் வந்தால் அவர்களுக்காக ஒன்று. டீ ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து கிராம். நாலு டீயில் நாற்பது கிராம், அதாவது 160 கலோரி, பாலையும் பப்ஸையும் சேர்க்காமலே. பப்ஸ் மட்டுமே இருநூறுக்கு மேல். இந்தக் கணக்கில் டயட் கோக்கைக் கொண்டுவந்தால் எதை அடிப்பது? அடிக்க ஒன்றுமே இல்லை. "உனக்கு அது எதுக்கு கண்ணு? டீயில ஒரு ஸ்பூனைக் குறை" என்றேன். அவளுக்கு அது அவ்வளவாக ரசிக்கவில்லை. டின் பார்க்கத் தினுசாக இருக்கிறது, டீ கிளாஸ் அப்படி இல்லையே.

நம் ஊரில் சர்க்கரை நிறைய வயிற்றுக்குள் போவது காபி, டீ வழியாகத்தான். சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, டாக்டர் வி. மோகனுடைய நிறுவனம், இதைச் சரியாகப் பிடித்து ஒரு பரிசோதனை நடத்தி 2024இல் வெளியிட்டது. டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 179 பேர். ஒரு பகுதியினர் காபி, டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டியைப் போட்டுக்கொண்டார்கள், மற்றவர்கள் வழக்கம்போல் சர்க்கரையே. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் சுக்ரலோஸ்காரர்களுக்கு எடையும் இடுப்புச் சுற்றளவும் கொஞ்சமாகக் குறைந்திருந்தன. மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கொஞ்சம்தான், ஆனாலும் நம் ஆட்கள், நம் டீ. வெளிநாட்டுக் கோலா ஆராய்ச்சிகளைவிட எனக்கு இதன் மேல் மதிப்பு அதிகம்.

வெளிநாட்டு ஆராய்ச்சிகளும் சும்மா இல்லை. நெதர்லாந்தில் பள்ளிப் பிள்ளைகள் 641 பேருக்குப் பதினெட்டு மாதம் தினமும் 250 மில்லி பானம் ஒன்று கொடுத்தார்கள். டின் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பாதிப் பேருக்கு இனிப்பூட்டி. வளரும் பிள்ளைகள் என்பதால் எல்லாருக்கும் எடை கூடியது. சர்க்கரை குடித்தவர்களுக்கு 7.37 கிலோ, மற்றவர்களுக்கு 6.35 கிலோ. 2012இல் வந்த முடிவு. சர்க்கரைக்குப் பதிலாக என்றால் பலன் உண்டு என்பதற்கு இதைவிடச் சுத்தமான சாட்சி நான் பார்த்ததில்லை.

தண்ணீருக்குப் பதிலாக என்றால்? இங்கேதான் வேடிக்கை. தெஹ்ரானில் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களில் பாதிப் பேர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டயட் பானம், பாதிப் பேர் தண்ணீர். 24 வாரத்தில் தண்ணீர்க்காரர்கள் 8.8 கிலோ இறங்கினார்கள், டயட்காரர்கள் 7.6. தண்ணீர் ஜெயித்தது. லிவர்பூலிலும் எடை குறைக்கும் திட்டம் ஒன்றில் 493 பேரை வைத்து ஒரு வருடம் நடத்தினார்கள். டயட்காரர்கள் 7.5 கிலோ, தண்ணீர்க்காரர்கள் 6.1. இங்கே டயட் ஜெயித்தது. ஒரு பக்கம் 1.2, மறுபக்கம் 1.4. பற்றும் வரவும் கிட்டத்தட்ட நேர். இரண்டு ஊரிலும் ஆறு முதல் ஒன்பது கிலோ வரை குறைந்ததற்குக் காரணம் அவர்கள் சாப்பாட்டைக் குறைத்ததுதான், குடித்தது எது என்பது சில்லறை.

லிவர்பூல் பரிசோதனைக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பானக் கம்பெனிகளின் சங்கம். அதற்காக முடிவே பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்பவருக்கும் எங்கள் கம்பெனிதானே ஃபீஸ் கொடுக்கிறது! ஆனால் அந்த வரியை ஒருமுறை பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வேன்.

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று அறிவுரை சொன்னது. உடனே எல்லா குரூப்பிலும் "டயட் கோக் குடித்தால் குண்டாவீர்கள்" என்று ஓடியது. அவர்கள் சொன்னது அதுவல்ல. குறுகிய காலப் பரிசோதனைகளில் எடை கொஞ்சம் குறைகிறது. ஆனால் பல வருடம் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளில் டயட் பானம் குடிப்பவர்களுக்கு எடையும் சர்க்கரை நோயும் இதய நோயும் அதிகமாகத் தெரிகின்றன. இது காரணமா, விளைவா என்பதுதான் சிக்கல். மூக்குக்கண்ணாடி போட்டவர்களை எண்ணிப் பார்த்தால் பார்வை மங்கியவர்கள்தான் அதிகம் இருப்பார்கள், அதற்குக் கண்ணாடியைக் குற்றம் சொல்ல முடியுமா? எடை ஏற ஆரம்பித்த பிறகு டயட்டுக்கு மாறியவர்கள் அதில் நிறைய. இந்த ஐயத்தை அந்த நிறுவனமே எழுதி, கட்டாயமாகச் சொல்லாமல் நிபந்தனையோடுதான் பரிந்துரைத்திருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். அந்த வரி எந்த ஃபார்வர்டிலும் வரவில்லை.

அது வராததால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. என் மாமியாருக்குச் சர்க்கரை. ஃபில்டர் காபியில் இனிப்பு மாத்திரைதான் போட்டுக் குடிப்பார். அதே வருடம் ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்டேமைப் புற்றுநோய் வரலாம் என்ற 2பி பட்டியலில் சேர்த்த செய்தி வந்ததும், மாத்திரை டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டார். "கேன்சர் வர்றதுக்கு இது தேவலாம் சாமி." நான் பொறுமையாகச் சொன்னேன். அந்த 2பி பட்டியலில் கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது அத்தை. இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு மட்டும் அது அத்தாட்சி, எவ்வளவு ஆபத்து என்று அளந்து சொல்கிற பட்டியல் இல்லை. அளவைப் பார்க்கிற இன்னொரு குழு அதே நாளில் பழைய வரம்பை, உடல் எடை கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்பதை, மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எழுபது கிலோ ஆள் அதைத் தாண்ட வேண்டுமென்றால் நாளுக்கு ஒன்பது முதல் பதினாலு டின் வரை குடிக்க வேண்டும். அத்தைக்கு இதில் காதில் ஏறியது கற்றாழை மட்டும். பார்க் வாசலில் வாக்கிங் முடித்துக் கற்றாழை ஜூஸ் குடிக்கிறவர் அவர். அங்கே தோலைச் சீவிவிட்டு உள்ளே இருக்கும் சோற்றை மட்டும்தான் அடிக்கிறார்கள், அது வேறு என்று சொல்லியும் நிறுத்திவிட்டார். மாத்திரைக்கு மட்டும் டாக்டர் ஒரு அதட்டுப் போட்ட பிறகே திரும்பினார்.

பயம் புதிதும் இல்லை. 1969இல் அமெரிக்கா சைக்ளமேட் என்ற இனிப்பூட்டியைத் தடை செய்தது. 1977இல் சாக்கரின் என்ற இன்னொரு இனிப்பூட்டிக்கு எச்சரிக்கை லேபிள் வந்தது, எலிக்கு வந்த கட்டி மனுஷனுக்குப் பொருந்தாது என்று தெரிந்து 2000இல் எடுத்தார்கள். இவை கண்டுபிடிக்கப்பட்ட கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1879இல் ஃபால்பெர்க் என்ற ரசாயன ஆராய்ச்சியாளர் கையைக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார், விரலில் இனித்தது சாக்கரின். 1937இல் மைக்கேல் ஸ்வேடா லேபில் சிகரெட்டை மேஜை மேல் வைத்துவிட்டு எடுத்துப் புகைத்தார், சைக்ளமேட். 1965இல் அல்சர் மருந்துக்கு வேலை பார்த்த ஷ்லாட்டர் காகிதம் எடுக்க விரலை நக்கினார், அஸ்பார்டேம். உலகத்தின் டயட் வியாபாரம் மொத்தமும் கை கழுவாத மூன்று பேர் புண்ணியம்.

குடலில் வாழும் நுண்ணுயிர்கள் பற்றிய விஷயத்தை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2022இல் 120 பேரிடம் பார்த்ததில் சாக்கரினும் சுக்ரலோஸும் சிலருக்குச் சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை அளவை மாற்றின. அஸ்பார்டேமில் அப்படிக் குறிப்பிடும்படி இல்லை. இரண்டு வாரப் பரிசோதனைதான். இருபது வருடம் குடித்தால் என்ன என்பதற்கு அதில் பதில் கிடையாது.

என் கொழுந்தனார் கதை வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அவருக்கு டயட் கோக் கட்டாயம். இரண்டாவது தட்டு வாங்கும்போது, "அண்ணி, டயட் கோக்தான் குடிக்கிறேன்" என்று டின்னை எனக்குக் காட்டுவார், டிக்கெட் பரிசோதகரிடம் காட்டுகிற மாதிரி. "தம்பி, மிச்சம் பிடிச்சது 130. இப்ப தட்டுல விழுந்தது அதைப்போல நாலு மடங்கு" என்றால் சிரிப்பார். டயட் சோடாவால் எடை ஏறுகிறது என்பவர்கள் சொல்வதில் ஏதாவது உண்மை இருந்தால் அது இந்த இடத்தில் இருக்கலாம்.

தொழில் புத்தி, ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் நாட்டில் 2025 செப்டம்பர் 22 முதல் இந்தப் பானங்களுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு முன்னால் 28, மேலே 12 செஸ். கூட்டிப் பாருங்கள், அதே 40. சர்க்கரை போட்டதோ போடாததோ, இரண்டுக்கும் ஒரே விகிதம். பிரிட்டனில் 2018இல் சர்க்கரையின் அளவை வைத்து வரி போட்டார்கள், கம்பெனிகள் தாமாகவே சர்க்கரையைக் குறைத்தன. இங்கே குறைப்பவனுக்கு வரியில் ஒரு பைசா லாபம் இல்லை.

எடை, கேன்சர் என்று பேசுகிறவர்கள் பல்லை மறந்துவிடுகிறார்கள். சர்க்கரை இல்லாவிட்டாலும் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, அது எனாமலைக் கரைக்கும். பல் டாக்டர் எனக்குச் சொன்னது: வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே இருக்காதீங்க, ஸ்ட்ரா போடுங்க, குடிச்ச உடனே பிரஷ் பண்ணாதீங்க, அரை மணி நேரம் போகட்டும். இன்னொன்று காஃபின். அமெரிக்காவில் விற்கிற 355 மில்லி டின்னில் சாதா கோக்கைவிட டயட் கோக்கில் காஃபின் அதிகம், 34க்கு 46 மில்லிகிராம். சாயங்கால டின்னை நான் நிறுத்தியது அதற்காகத்தான். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி தாறுமாறாகப் போகிறது, அந்தப் பசியில் பப்ஸ் மேல்தான் கண் போகிறது.

இப்போது மத்தியானத்துக்கு மட்டும் ஒன்று, அதுவும் தினமும் இல்லை. சாயங்காலம் கண் சொக்கினால் கம்பெனிக்கு எதிர்க்கடையில் உப்பு போட்ட எலுமிச்சை சோடா. கடைக்காரர் கைப்பழக்கத்தில் ஒரு கரண்டி சர்க்கரைப் பாகை ஊற்றிவிடுவார், கிளாஸைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.