மஞ்சள் குட்டி

சீல் என்கிற கடல்நாய்களின் குட்டிகளைப் பார்க்கப் போய், மாக்தலேன் தீவுகளில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். மார்ச் முதல் வாரம். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்கு நடுவே, கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த சின்னத் தீவுக்கூட்டம். முதல் நாள் மூடுபனி, இரண்டாம் நாள் காற்று, மூன்றாம் நாள் ஹெலிகாப்டரில் ஏதோ கோளாறு. நான்காம் நாள் விடிந்ததும் கதவைத் தட்டி, ‘கிளம்புங்கள்’ என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பதற்காக முந்தின இரவு ஒத்திகை பார்த்து வைத்திருந்த பிரெஞ்சு வாக்கியம் வீணாய்ப் போயிற்று.

மேலிருந்து பார்த்தால் கடல் தெரியவில்லை. வெள்ளைப் பாளங்கள், இடையிடையே கறுப்பு விரிசல்கள், ஓரங்களில் மிளகைச் சிந்தியது போல ஹார்ப் சீல்கள். வடக்கே ஆர்க்டிக் கடலில் கோடையைக் கழித்துவிட்டு, குட்டி போட பிப்ரவரி கடைசியில் இந்த மிதக்கும் பனிக்கு ஏறி வருகின்றன. பனி இல்லாவிட்டால் பிரசவ அறையே இல்லை. 2010இல் இங்கே பனி சரியாக உறையவே இல்லையாம். அந்த வருடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தீவுக்காரர்கள் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள்.

இறங்கியதும் முதலில் தாக்கியது சத்தம். நாலா பக்கமும் கைக்குழந்தை அழுகிற மாதிரி. படங்களில் பார்த்த வெள்ளைக் குட்டிகள், இவர்கள் பாஷையில் ‘பிளான்ஷோன்’, கன்னத்தில் கண்ணீர் வழியக் கிடந்தன. பாவம் என்று நினைத்தேன். சீல்களுக்குக் கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்க்குழாய் கிடையாது, அதனால் எப்போதும் வெளியேதான் வழியும் என்று சொல்லி என் சோகத்தை வழிகாட்டி கலைத்துவிட்டார்.

அவர் கூட்டிப்போய்க் காட்டியது வேறொரு குட்டி. பனியில் ரத்தக்கறை, பக்கத்தில் நஞ்சுக்கொடி, அதைக் குறிவைத்து இரண்டு கடற்காகங்கள். பிறந்து ஒரு மணி நேரம் இருக்கலாம் என்றார். பனிக்குட நீர் ஊறி ரோமம் மஞ்சளாகியிருந்தது. இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். ரோம நுனிகளில் நீர் உறைந்து குச்சி குச்சியாக நின்றது. தோல் சுருக்கம் விழுந்து, அளவு தப்பித் தைத்த சட்டை போலத் தொங்கியது. உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கியது.

வெள்ளை ரோமம்தான் குளிரைத் தாங்குகிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். அது காய்ந்த பிறகுதான். நனைந்த ரோமத்தால் பயன் மிகக் குறைவு. தோலுக்கடியில் கொழுப்புப் படலமும் இன்னும் சேரவில்லை. தாயின் வயிற்றில் 37 டிகிரி. வெளியே அன்றைக்கு மைனஸ் 15. அப்படியானால் எது காப்பாற்றுகிறது? பாதி, நான் பார்த்த அந்த நடுக்கம். மீதி, கண்ணுக்குத் தெரியாத பழுப்புக் கொழுப்பு.

இந்தக் கொழுப்பு எரிவதற்கென்றே இருப்பது. செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா சாதாரணமாக அணைக்கட்டு மாதிரி வேலை செய்யும்: தேக்கி, ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, உடம்புக்கு வேண்டிய ஆற்றலை எடுக்கும். பழுப்புக் கொழுப்பில் யூசிபி1 என்ற புரதம் பக்கவாட்டில் ஒரு மடையைத் திறந்துவிடுகிறது. சக்கரம் சுற்றாது, தேங்கியதெல்லாம் வெப்பமாகப் போகும். குளிர் பட்டதும் நரம்பு நுனிகளில் சுரக்கும் நாரட்ரினலின்தான் மடையைத் திறக்கிற ஆள். எத்தனை மடை கட்டுவது என்பதில் தைராய்டு ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. தைராய்டு சுரப்பி பெரும்பாலும் அனுப்புவது டி4 என்ற வகை; அதில் நான்கு அயோடின் அணுக்கள். பழுப்புக் கொழுப்பு அங்கேயே ஒரு அயோடினைக் கழற்றி, வீரியமான டி3 ஆக்கிக்கொள்கிறது. சரக்கு கிடங்கில் இருக்க, தேவைப்பட்ட இடத்தில் கூர் தீட்டிக்கொள்வது மாதிரி. எனக்கு இதில் பிடித்ததே இந்த ஏற்பாடுதான்.

ஆனால் இந்த அடுப்பு நெடுநாள் எரியாது. அதற்குள் பால் வேலையைக் காட்டிவிட வேண்டும். ஹார்ப் சீல் தாய் பால் கொடுப்பது சுமார் 12 நாள்தான். பாலில் கிட்டத்தட்ட பாதி கொழுப்பு. பிறக்கும்போது 11 கிலோ இருக்கிற குட்டி நாளுக்கு 2 கிலோவுக்கு மேல் ஏறி, 35 கிலோவைத் தொடும்போது தாய் ஒரு வார்த்தை சொல்லாமல் கடலில் இறங்கிப் போய்விடும். அப்புறம் குட்டி வாரக்கணக்கில் பட்டினி. வெள்ளை ரோமம் திட்டுத் திட்டாக உதிரும் அந்தக் கோலத்துக்கு இங்கே ‘கந்தல் சட்டை’ என்று பெயர்.

இதே பனிக்கு வரும் ஹூடட் சீல் எல்லாவற்றையும் வேறு மாதிரி செய்கிறது. குட்டி வெள்ளை ரோமத்தை வயிற்றிலேயே உதிர்த்துவிட்டு, கொழுப்போடு பிறக்கிறது. பால்குடி வெறும் நான்கு நாள்தான். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கிளம்பச் சொல்லிக் கூப்பிட்டபோது மஞ்சள் குட்டியிடம் திரும்பிப் போனேன். பனி ஓட்டை வழியாகத் தாய் ஏறி வந்திருந்தது. மூக்கோடு மூக்கு வைத்து மோந்து பார்த்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தது. குட்டி இரண்டு முறை தவறான இடத்தில் முட்டி, மூன்றாவது முறை காம்பைப் பிடித்தது. முதுகில் ரோமம் காய்ந்து பஞ்சாக எழும்பியிருந்தது. நடுக்கம் நின்றிருந்தது. என் விரல்கள்தான் மரத்துப்போய், கேமராப் பையின் ஜிப்பைப் பல்லால் இழுத்து மூடினேன்.