மருந்து இழையின் எந்த இடத்தில் உட்கார்கிறது? நானோ இழைப் பாய் நெய்த அனுபவம்

நானோ இழைக்குள் மருந்தை ஏற்றுவது பெரிய வேலை இல்லை. ஏற்றிய மருந்தை உள்ளே நிறுத்திவைப்பதுதான் பெரும்பாடு. காயத்தின் மேல் போடக்கூடிய, ஒரு வாரம் போல நுண்ணுயிர்க்கொல்லியைச் சிறிது சிறிதாக விடும் மெல்லிய பாய் ஒன்றை உருவாக்குவது என் ஆய்வின் முக்கியப் பகுதி. இந்தத் துறையில் கால் வைப்பவர்களுக்கு உதவும் என்பதால், அந்த வேலை நகர்ந்த விதத்தை எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்ட மருந்து டெட்ராசைக்ளின் ஹைட்ரோகுளோரைடு. பாலிமர், பாலிகாப்ரோலாக்டோன். உடலுக்குத் தீங்கு செய்யாதது, மெதுவாகச் சிதைவது, விலையும் அதிகமில்லை. எத்திலீன் வினைல் அசிடேட், பாலிலாக்டிக் அமிலம் ஆகியவற்றின் இழைகளிலிருந்து டெட்ராசைக்ளின் வெளிவருவதை 2002ஆம் ஆண்டிலேயே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படையும் இருந்தது.

உயர் மின்னழுத்தத்தால் பாலிமர் கரைசலை மெல்லிய இழையாக இழுக்கும் எலக்ட்ரோஸ்பின்னிங் கருவி பார்வைக்கு எளிமையானது. ஒரு சிரிஞ்சு பம்பு, முனை மழுங்கிய உலோக ஊசி, உயர் மின்னழுத்த மூலம், எதிரே பூமியிணைப்புக் கொடுத்த அலுமினியத் தாள். அன்டன் ஃபார்ம்ஹால்ஸ் 1934இல் காப்புரிமை பெற்ற முறையின் சாரம் இன்றும் மாறவில்லை. பாலிமரைக் குளோரோஃபார்மிலும் மருந்தைச் சிறிது மெத்தனாலிலும் கரைத்து ஒன்றாகக் கலந்தேன். ஊசிக்கும் தாளுக்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளி. மணிக்கு 1 மில்லிலிட்டர் ஓட்டம்.

ஊசிமுனையைக் கறுப்புத் தாள் பின்னணியில், பக்கவாட்டு விளக்கொளியில் பார்க்க வேண்டும். மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, தொங்கும் துளி நீண்டு கூம்பாகிறது. 1964இல் ஜெஃப்ரி டெய்லர் கணக்கிட்டு விளக்கிய கூம்பு அதுதான். சுமார் 15 கிலோவோல்ட்டில் கூம்பின் நுனியிலிருந்து ஒரு தாரை கிளம்புகிறது. ஓரிரு சென்டிமீட்டர் நேராக வந்து, பிறகு கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் சுழன்று விரிகிறது. இழை மெலிவது பெரும்பாலும் அந்தச் சுழற்சியில்தான். ஊசிமுனையில் கூம்பு நடுங்கினால் பாயும் சீராக இருக்காது. கரைசல் நீர்த்திருந்தால் இழையில் மணிமணியாக முடிச்சுகள் விழும். காற்றில் ஈரப்பதம் கூடினால் இழையின் மேற்பரப்பில் துளைகள் விழும். கரைசலின் செறிவையும் அறையின் ஈரப்பதத்தையும் நிலைப்படுத்திய பிறகு, அரை மைக்ரோமீட்டர் அளவில் சீரான இழைகள் கைவந்தன. முடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கைவிட மெல்லியவை அவை.

உண்மையான சிக்கல் வெளியேற்றச் சோதனையில் தொடங்கியது. பாயைத் துண்டுகளாக வெட்டி, 37 டிகிரி செல்சியஸில், அமில காரத்தன்மை 7.4 உள்ள பாஸ்பேட் கரைசலில் இட்டு, குறித்த நேரங்களில் மாதிரி எடுத்து, ஒளி உறிஞ்சப்படுவதை வைத்து மருந்தின் அளவைக் காட்டும் நிறமாலைமானியில் 360 நானோமீட்டர் அலைநீளம் அருகே அளந்தேன். மருந்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே வெளியே வந்துவிட்டது. கரைசல் மஞ்சளாவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

காரணத்தைக் கணக்கே சொல்கிறது. அரை மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பாலிகாப்ரோலாக்டோன் இழையில், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 7 சதுர மீட்டர் மேற்பரப்பு. நானோ இழையின் பெருமையாகச் சொல்லப்படும் அந்தப் பரப்புதான் மருந்து ஓடிப்போகும் வழியும். இழையின் நடுவிலிருந்து வெளியே வர மருந்துக்குக் கால் மைக்ரோமீட்டர் தூரம்தான். இது போதாதென்று, ஹைட்ரோகுளோரைடு உப்புக்குக் குளோரோஃபார்மோடு ஒட்டுறவு கிடையாது. கரைப்பான் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும்போது உப்பு பாலிமரை விட்டுப் பிரிந்து வெளிப்புறத்தில் படிகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் இழைகளின் மேல் சின்னச் சின்னப் படிகங்கள் தெளிவாகத் தெரிந்தன. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை வைத்து 2005இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியிருந்தது. உப்பு வடிவம் இழையின் மேற்பரப்பில் தங்கிச் சீக்கிரம் கொட்டியது. பாலிமர் கரைசலோடு ஒத்துப்போன, உப்பாக மாற்றாத கார வடிவம் உள்ளே அடங்கி மெதுவாக வந்தது. ஆகவே இழை எவ்வளவு மெல்லியது என்பதைவிட, மருந்து இழையின் எந்த இடத்தில் உட்கார்கிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. என் வேலை முழுவதும் அதன்பிறகு இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது.

அளவீட்டில் ஏமாற்றும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். பாலிகாப்ரோலாக்டோன் பாய் நீரை விலக்குவது. கரைசலில் போட்டால், அடியில் வெள்ளி போல மின்னும் காற்றுப் படலத்தோடு மிதக்கும். அப்படி மிதக்கும் பாயின் வெளியேற்றம் மெதுவாகத்தான் தெரியும். அது கட்டுப்பாடு அல்ல, நனையாமை. எத்தனாலில் நனைத்தெடுத்தால் மருந்தும் கூடவே கழுவிக்கொண்டு போய்விடும். மெல்லிய துருப்பிடிக்காத எஃகு வலைக்கு அடியில் வைத்து அமிழ்த்திக் காற்றை வெளியேற்றுவதே எனக்கு ஒத்துவந்தது. அடுத்தது, டெட்ராசைக்ளின் 37 டிகிரியில் நாள்கணக்கில் இருந்தால் தானே சிதையும். ஒளியும் அதைக் கெடுக்கும். ஐந்தாம் நாள் அளவு குறைந்தால், மருந்து வெளிவரவில்லையா, வந்து சிதைந்ததா என்று தெரியாது. அதனால் அளவறிந்த மருந்துக் கரைசல் ஒன்றையும் அதே வெப்பத்தில், அதே இருட்டில் பக்கத்திலேயே வைத்து அளந்தேன். ஒவ்வொரு முறையும் எடுத்த அளவுக்குப் புதுக் கரைசல் ஊற்றுவதும், எடுத்துவிட்ட மாதிரியில் இருந்த மருந்தைக் கணக்கில் சேர்ப்பதும் கட்டாயம். பாய் நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் இருக்கும். துண்டுகளைப் பரப்பால் ஒப்பிடாமல் எடையால் ஒப்பிட வேண்டும்.

மருந்தை இழையின் நடுவில் உட்காரவைக்க, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரட்டை ஊசிக்கு மாறினேன். உள் ஊசியில் மருந்தும் பாலிஎத்திலீன் ஆக்சைடும் கலந்த நீர்க்கரைசல். வெளி ஊசியில் பாலிகாப்ரோலாக்டோன். இரண்டு பம்புகள், இரண்டு ஓட்ட வேகங்கள். உள் ஓட்டம் கொஞ்சம் மிஞ்சினாலும் மருந்து உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். குறைந்தால் நடு இழை விட்டுவிட்டு அமையும். குளோரோஃபார்ம் சீக்கிரம் ஆவியாவதால் ஊசி வாயில் பாலிமர் காய்ந்து அடைத்தது. மெதுவாக ஆவியாகும் டைமெத்தில் ஃபார்மமைடைக் கொஞ்சம் சேர்த்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இழையின் நடுவே கருமையான கோடு தொடர்ச்சியாக ஓடுவதைப் பார்த்த அன்று எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

ஆனால் இப்போது சிக்கல் எதிர்ப்பக்கம் போனது. உறை மருந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. காயத்துக்கு முதல் நாளில் ஓரளவு மருந்து வேண்டும். கிருமி அப்போதுதான் காலூன்றும். இதற்கு வழி, உறைக் கரைசலில் சிறிதளவு பாலிஎத்திலீன் கிளைக்கால் கலப்பது. அது நீரில் கரைந்து வெளியேறிய இடங்களில் நுண்துளைகள் உண்டாகி, மருந்துக்குப் பாதை திறக்கிறது. அதன் விகிதத்தைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். வெளியேற்றம் என் கட்டுக்குள் வந்தது இந்த இடத்தில்தான். முதல் நாள் மிதமாகக் கிளம்பி, பிறகு படிப்படியாக ஏறும் கோடு கிடைத்தது. மருந்து வெளிவரும் போக்கை விளக்கப் பயன்படும் கோர்ஸ்மேயர்–பெப்பாஸ் சமன்பாட்டை முதல் 60 சதவீத வெளியேற்றத்துக்கு மட்டுமே பொருத்த வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். முழு வரைபடத்துக்கும் பொருத்திக் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

நிறமாலைமானி சொல்வது மருந்தின் அளவை. அதன் வீரியத்தை அல்ல. அதனால் காயங்களில் தொற்றும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவைப் பரப்பிய அகார் தட்டில் பாய்த் துண்டை வைத்து, நாள்தோறும் புதுத் தட்டுக்கு மாற்றினேன். சாதாரண இழையைச் சுற்றிய, கிருமி வளராத தெளிவு வளையம் விரைவில் சுருங்கி மறைந்தது. உறையிட்ட இழையின் வளையம் வாரக் கடைசி வரை நின்றது.

நோயாளியிடம் போகும் முன் இன்னும் இரண்டு தடைகள் இருக்கின்றன. குளோரோஃபார்மின் எச்சம் பன்னாட்டு வழிகாட்டுதல்படி பத்து லட்சத்தில் 60 பங்கைத் தாண்டக் கூடாது. டைமெத்தில் ஃபார்மமைடுக்கு 880. சூடாக்கி விரட்டவும் முடியாது, ஏனென்றால் பாலிகாப்ரோலாக்டோன் 60 டிகிரியிலேயே உருகிவிடும். அறை வெப்பத்தில் வெற்றிட அடுப்பில் நாள்கணக்கில் வைத்து, எச்சத்தை வாயு நிறப்பிரிகையில் அளக்கிறேன். 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்குவதும் இதே காரணத்தால் நடக்காது. காமா கதிர் பாலிமர் சங்கிலியை மாற்றக்கூடும் என்பதால், கதிருக்கு முன்னும் பின்னும் வெளியேற்றக் கோடு ஒன்றாக இருக்கிறதா என்ற சோதனையை இப்போது நடத்திக்கொண்டிருக்கிறேன்.